பாலிகைச் சட்டியும் குதிரை எருவும்

மகன்,

முதலில் உறுதியான செய்தி. மாரியில் நான் தோட்டத்தில் பரப்பிய குதிரை எரு, களைகொல்லி அடித்த வயலின் புல்லைத் தின்ற குதிரைகளுடையது. இதை இன்று காலை தோட்டச் சங்கத்தின் செயலாளர் மார்கரட் என்னிடம் சொன்னார். அவருக்குச் சொன்னது குதிரை லாயத்தை நடத்தும் பெண்மணி. அந்தப் பெண்மணியிடம் ஒப்புக்கொண்டது உலர்ந்த புல்லைக் கட்டுக்கட்டாக விற்ற விவசாயி. மூன்று வாய் கடந்து வந்த செய்திதான். ஆனால் மூவருக்கும் இந்த உண்மையைச் சொல்வதால் நட்டமே தவிர இலாபம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் சொல்வதை நம்பித்தான் நான் இத்தனை காலம் செய்தி எழுதினேன். புல்லில் மருந்து இருந்தது என்பதுவரை உறுதி. அது நம் மண்ணில் இப்போதும் இருக்கிறதா என்பது உறுதியாகவில்லை. அதைக் காட்டிக்கொடுக்க இரண்டு சட்டிகள் சமையலறை யன்னலில் இருக்கின்றன. அவற்றைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். போன கிழமை சொல்லவும் தொடங்கினேன். நீ கிளாஸ்கோவில் ஏதோ ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டே சிரித்தாய். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் சொயில். அம்மாவை டென்ஷன் ஆக வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் ஏறத்தாழ அதையேதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், உன்னைவிடக் கூடுதல் ஆதாரத்தோடு. அதன் விளைவாகத்தான் இதை எழுதுகிறேன். உன் பொன்னுருக்கலன்று பாலிகை போடமாட்டேன் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். வேறு யாரையாவது கூப்பிட்டுப் போடுவிக்கட்டாம். தன் கை அந்தச் சட்டியில் படக்கூடாதாம். ஒரே மகனின் கலியாணத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட வேலை அது ஒன்றுதான். அதிலிருந்து அவர் விலகி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீ படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும். போதாத இடத்தில் அபியிடம் கேள். அவள் உன்னைவிட நன்றாக வாசிப்பாள், மருமகளாக வரப்போகிறவளும் இதை வாசிப்பது நல்லதுதான்.

பாலிகை என்றால் என்னவென்று ஒருமுறை கேட்டாய், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் சுமங்கலிப் பெண்கள் சேர்ந்து, ஊறவைத்த நவதானியத்தை மண் நிரப்பிய சட்டிகளில் தூவிப் பாலும் நீரும் தெளிப்பார்கள். தாலி கட்டும் நாளில் அந்த முளைகள் மணவறைக்கு வரும். முளை செழித்தால் குடும்பம் செழிக்கும் என்பது நம்பிக்கை. அவ்வளவுதான். எங்கள் கலியாணத்தில் பாலிகை போடவில்லை. ஊரில் சண்டை நடந்த காலம். ஊரடங்கைத் தளர்த்திய இடைவெளியில் கோயிலில் தாலி கட்டி, மறுபடி சட்டம் அமுலாகுமுன் வீட்டுக்கு வந்தோம். பாலிகை போட்டிருந்தாலும் அதற்குத் தண்ணீர் ஊற்ற, நாங்கள் இடம்பெயர்ந்த அந்தக் கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் எவரும் இருந்திருக்கமாட்டார்கள். இதைப்பற்றி அம்மா ஒருநாளும் குறைசொன்னதில்லை. அதனால் அவருக்கு அதில் குறையில்லை என்று நினைத்திருந்தேன். உன் கலியாணம் பேசி முடிந்த அன்று, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை மண்டபத்தைப் பற்றியோ நகையைப் பற்றியோ அல்ல. "பாலிகையை எங்கட தோட்டத்து மண்ணிலதான் போடவேணும்" என்றார்.

வெம்பிளியில் அபியின் வீட்டில் கடையில் பையில் விற்கும் மண்ணைத்தான் வாங்கப்போகிறார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவுக்கு மோர்டன் அலொட்மென்ட்டில், பலர் பாத்தி பாத்தியாக வாடகைக்கு எடுக்கும் அந்தப் பொதுத் தோட்டத்தில், இருக்கும் அந்தத் துண்டு நிலம் வேறு விதமானது. உனக்கு நடக்கத் தெரியாத வயதில் கவுன்சில் அதை எங்களுக்குத் தந்தபோது அது முழுக்க முட்பற்றையும் உடைந்த போத்தலுமாகக் கிடந்தது. பற்றையை வெட்டியது நான், போத்தல் பொறுக்கியது அவர். அவர் அதை 'எங்கட மண்' என்று சொல்லும்போது நான் திருத்துவதில்லை. வாடகைக்கு எடுத்ததென்று இருவருக்கும் தெரியும்.

அவர் கேட்டுவிட்டார் என்பதற்காக அந்த மண்ணுக்கு உரமேற்ற நினைத்தேன். லாயத்திலிருந்து டிரெயிலரில் எரு கொண்டுவந்து தோட்ட வாசலில் இலவசமாகக் கொட்டுவார்கள், முந்தியவர் அள்ளிக்கொள்ளலாம். இம்முறை முந்தியவர்கள் நானும் குலம் அண்ணையும். குலம் அண்ணையை உனக்கு ஞாபகமிருக்கும், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், நம் பாத்திக்கு அடுத்த பாத்தி. ஆவி பறக்கும் எருவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "ஐசே, ராணியின்ர குதிரையும் இதைத்தான் போடும். மகன்ர கலியாணத்துக்கு இனி உமக்கு என்ன குறை?" நல்ல எரு. கறுப்பு, உதிரி, நாற்றமில்லை. கையில் எடுத்துப் பார்த்துத்தான் போட்டேன். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியாத ஒன்று அதில் இருந்தது.

பங்குனி முடிய ப்ரோட் பீன்ஸ் என்னும் அவரையின் நுனி சுருளத் தொடங்கியது. பனி என்றேன். பிறகு செடிப்பேன் பிடித்திருக்கிறது என்றேன். உருளைக்கிழங்கு மண்ணைப் பிளந்து வந்தபோது அதன் இலையும் பன்னச்செடியின் விரியாத இளநுனியைப்போல் சுருண்டுதான் வந்தது. அப்போதும் விதைக்கிழங்கில் பிழை என்றேன். சுருளாமல் வளர்ந்தது களைதான், அதிலும் புல் வகைக் களை. இங்குள்ளவர்கள் கவுச் என்று சொல்லும் புல், நம் அறுகைப்போலவே கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணுக்கடியில் ஓடும். தோட்ட ஃபோர்க்கைக் குத்தி நெம்பினால் நீண்ட வெள்ளைக் கொடியாக வரும். ஒரு விரலளவு துண்டு விடுபட்டாலும் அடுத்த கிழமை அங்கே நிற்கும். இந்த வசந்தத்தில் நான் தோட்டத்துக்குப் போன நாட்களில் பெரும்பகுதி அதைப் பிடுங்குவதில்தான் கழிந்தது. முழந்தாளிட்டுப் பிடுங்கி, வேரை மண்ணிலிருந்து உதறி, வாளியில் போட்டு, திரும்பிப் பார்த்தால் தொடங்கிய இடத்தில் அது மறுபடி பச்சையாக இருக்கும். வைகாசியில் சங்கத்தார் பாத்தி பாத்தியாகப் பார்க்க வருவார்கள், களை மண்டிக் கிடந்தால் எச்சரிக்கை வரும். அதனால் விடவும் ஏலாது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்று குலம் அண்ணை கேட்டார்: "கலியாணத்தில அறுகரிசி போட்டு என்ன சொல்லி வாழ்த்துறது?"

"ஆல்போல் தழைச்சு அறுகுபோல் வேரோடி எண்டு."

"பிறகேன் பிடுங்குறீர்? வாழ்த்து பலிச்சுப்போய்க் கிடக்கு."

சிரித்தேன். அப்போது சிரிக்கக்கூடியதாக இருந்தது.

அம்மா அந்த நாட்களில்தான் பாலிகைக்கு வெள்ளோட்டம் பார்த்தார். லண்டன் குளிரில் நவதானியம் முளைக்குமா என்ற சந்தேகம் அவருக்கு. ஸ்ட்ரெதமில் யாரோ வீட்டுக் கலியாணத்தில் தானியம் முளைக்காமல் அழுகி நாறியதை அவர் கண்டிருந்தார். ஆகவே சடங்கு ஒன்றும் இல்லாமல், இரண்டு சின்னச் சட்டியில் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தார். மண்ணை நான்தான் கொண்டுவந்தேன். பாத்தியின் நடுவில், எரு நன்றாகக் கலந்த கறுப்பு மண்ணாகப் பார்த்து அள்ளி, அரித்து, பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். விதை வெடித்து வெள்ளைமுனை தெரிந்த அன்று அம்மா குளியலறையில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நெல் வந்தது, கோதுமை வந்தது, ஊசிமாதிரி நிமிர்ந்து. பயறும் உழுந்தும் கடலையும் தலையைத் தூக்கின. பிறகு அவற்றின் இலை விரிந்தது. விரிந்தது என்று எழுதுவது பிழை. விரியவில்லை. கிண்ணம்போல் உள்ளே குவிந்து, தண்டு முறுகி, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தன.

 மாலையில் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா போன் எடுத்தபோது அம்மா அவருக்குத்தான் இதைச் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். "உது நல்லதுக்கில்லைப் பிள்ளை. சாத்திரியாரிட்ட ஒருக்கால் கலியாண நாளைக் காட்டிப் பாரன்" என்றார் பெரியம்மா. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தூரத்தில் இருப்பவருக்குத் தங்கையின் மேல் உள்ள பயம் அப்படித்தான் வரும். அம்மா நாளை மாற்றக் கேட்கவில்லை, உன் கலியாணத்தை நிறுத்தவேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நாளில பிழையில்லை அக்கா. என்ர கையிலதான்" என்றார். சட்டிகளைக் கொண்டுபோய்ப் பின்வளவில் கவிழ்த்தார்.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். பின்வளவில் கவிழ்த்த முளைகளைப் பார்த்த உடனே எனக்கு ப்ரோட் பீன்ஸ் ஞாபகம் வந்தது. அதே சுருள். மறுநாள் மார்கரட்டிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "எரு எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். புல் வயலில் அகல இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் ஒரு மருந்து உண்டாம். அது புல்லை ஒன்றும் செய்யாதாம், புல்லைத் தின்ற குதிரையையும் ஒன்றும் செய்யாதாம், வயிற்றைக் கடந்து அப்படியே எருவில் இறங்குமாம். அவரை, பயறு, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அதற்குப் பலி. நெல்லும் கோதுமையும் புல் சாதி, ஆகவே தப்பும். கேட்டதும் எனக்கு உண்டான உணர்ச்சி என்னவென்று ஒளிக்காமல் எழுதுகிறேன்: சந்தோசம். ஒரு செய்தியின் இரண்டு முனையும் பொருந்தும்போது வரும் பழைய சந்தோசம். பஸ் வரும்வரைகூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

"இஞ்சேரும், உம்மட கையில பிழையில்லை. மண்ணிலதான் பிழை. எருவில மருந்து" என்று வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன்னமே சொன்னேன். அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"அந்த எருவைப் போட்டது ஆர்?" என்றார்.

"நான்தான்."

"ஏன் போட்டனீங்கள்?"

"பாலிகைக்கு நல்ல மண் வேணுமெண்டு."

"பாலிகைக்கு அந்த மண் வேணுமெண்டு கேட்டது ஆர்?"

நான் அப்போதுதான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். "பாத்தீங்களே. எப்பிடிச் சுத்தினாலும் என்னட்டத்தான் வந்து நிக்குது" என்று சொல்லிவிட்டு மிச்ச வெண்டிக்காயை வெட்டினார். மந்திரிமாரையும் மறுப்பறிக்கைகளையும் எதிர்கொண்டவன் நான். அந்த மூன்று கேள்விகளுக்கு எதிராக என்னிடம் ஒன்றுமிருக்கவில்லை. அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதால் ஆகப்போவது எதுவுமில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

உனக்கு ஏழு வயதில் ஒரு சூரியகாந்தி இருந்தது, ஞாபகமிருக்கிறதா? தோட்டத்து மூலையில் நீயே ஊன்றியது. ஒரு காலை போய்ப் பார்த்தால் நத்தை தின்று தண்டு மட்டும் நின்றது. நீ அழுதாய். நான் உன் பக்கத்தில் குந்தியிருந்து, நத்தை எப்படித் தின்னும், ஏன் மழைக்குப் பிறகு கூடுதலாக வரும், அடுத்த முறை என்ன செய்யலாம் என்றெல்லாம் விளங்கப்படுத்தினேன். நீ இன்னும் கூடுதலாக அழுதாய். அம்மா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்வளவு உயரத்துக்கு வந்தது?" நீ கையை உன் நெஞ்சுவரை உயர்த்திக் காட்டினாய், பிறகு யோசித்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினாய். அழுகை நின்றுவிட்டது. நான் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. வெண்டிக்காய் வெட்டிய அன்று அந்தி, அதை நினைத்துக்கொண்டு நானும் முயன்றேன். "சுருளமுந்தி பயறு எவ்வளவுக்கு வந்திருந்தது?" என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் உங்கட மகனில்லை" என்றார். ஆனால் அந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தார், அதையும் பதிவு செய்கிறேன்.

நீயும் அபியும் ஒரு வீட்டில் வாழப்போகிறீர்கள். அப்பா என்ற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை, இருப்பதும் பிந்திக் கிடைத்தது. ஒருநாள் அபி தன்மேல் பிழையில்லாத ஒன்றுக்காகத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பாள். உன்னிடம் சரியான விளக்கம் இருக்கும், நீ படித்த பிள்ளை. அந்த விளக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல். அதைச் சொல்ல உனக்கு ஆசையாக இருக்கிறதென்றால், இன்னும் கொஞ்சம் பொறு. பொறுத்தபிறகு என்ன செய்வது என்று கேட்பாய். அது எனக்குத் தெரியாது. தெரிந்தால் இப்போது நானே செய்துகொண்டிருப்பேன்.

குலம் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய பாத்தியும் போய்விட்டது. டிரெயிலர் வருகிறதென்று அவருக்குச் சொன்னவன் நான்தானே. "நாப்பது வருசம் பேப்பரில புளுகினதுக்கு இப்ப மண் எழுதுது மறுப்பறிக்கை" என்றார் முதலில். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு தன் போஞ்சிக் கொடிகளைப் பார்த்தபடி, "என்ர மனிசி செத்தாப்பிறகு இதொண்டுதான் ஐசே காலமை எழும்ப வைக்கிறது" என்றார். மார்கரட் சொன்னதை அவருக்கும் சொன்னேன்: மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் அந்த மருந்தை மெல்லமெல்லத் தின்று முடிக்கும், அதுவரை சோளம் போடலாம், சோளம் புல் சாதி. "அப்ப கிளறுவம்" என்றார். இரண்டு பேரும் கிளறுகிறோம். அவரைக்கு ஆகாத மண்ணில் களை மட்டும் பிடுங்கிக்கொண்டிருக்கும் கிழவர்கள் இரண்டு பேரை நீ வந்தால் காணலாம்.

முந்தாநாள் அம்மாவும் தோட்டத்துக்கு வந்தார். சுருண்ட சட்டிக்குப் பிறகு அவர் வந்தது அதுதான் முதல்முறை. பாலிகையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒரு சாக்கை விரித்து அதில் குந்தி அவரும் பிடுங்கத் தொடங்கினார். என்னைவிட வேகம். நான் வேரை அறுத்துவிடுவேன், அவர் மண்ணோடு சேர்த்து அசைத்து முழுதாக எடுப்பார். கொஞ்ச நேரத்தில் அவர் வாளியில் போடாமல் சில புற்களை வேறாக எடுத்துச் சாக்கின் ஓரத்தில் அடுக்குவதைக் கண்டேன். நுனி மூன்றாகப் பிரிந்த, மஞ்சளடிக்காத, நல்ல புல்லாகப் பார்த்து. ஊர் அறுகு கிடைக்காத காலத்தில் பிள்ளையாருக்கு அவர் இந்தப் புல்லைத்தான் வைப்பார், நீ கண்டிருக்கிறாய். "இந்த மண்ணில இது ஒண்டுதான் நிமிர்ந்து நிக்குது" என்றார், என்னைப் பார்க்காமல். எதற்காக எடுக்கிறார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் அதை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். வீட்டில் அது பிரிட்ஜில் இருக்கிறது. பிள்ளையார் தலையில் இன்னும் வைக்கவில்லை.

இரண்டு கிழமையில் நீ வருவாய். வந்து அம்மாவுக்கு எதையும் விளங்கப்படுத்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், பகிடி விடவும் வேண்டாம். நான் அந்த மூன்றில் இரண்டைச் செய்துவிட்டேன். பழைய சப்பாத்து ஒன்று கொண்டுவா. தோட்டத்தில் கிளற இடம் கிடக்கிறது, அம்மா சாக்கில் குந்தியிருப்பார், நீ பக்கத்தில் பிடுங்கு. அதனால் ஏதும் மாறும் என்று நான் சொல்லவில்லை.

நிலுவையில் உள்ளவை இவை. யன்னலில் இருக்கும் இரண்டு சட்டிகளையும் நான் ஒரே நாளில் போட்டேன். ஒன்றில் நம் தோட்டத்து மண், மற்றதில் கடையில் வாங்கிய மண். ஒரே பொதியின் பயறு, ஒரே வெளிச்சம். முதல் இரு இலைகளில் ஒன்றும் தெரியாது, அடுத்து வரும் இலைதான் சொல்லும், அது ஞாயிற்றுக்கிழமை அளவில் எதிர்பார்க்கப்படுகிறது. மண் சுகப்பட ஒரு வசந்தமோ இரண்டோ ஆகலாம் என்கிறார் மார்கரட், அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மா அந்தச் சட்டிகளின் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதத்தான் இந்தப் பந்தியைத் தொடங்கினேன். எழுதுமுன் சரிபார்க்கும் பழக்கத்தில் இப்போது எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு சட்டியும் ஈரமாக இருக்கின்றன, வெளிச்சம் படாத பக்கம் யன்னலை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நான் இன்று தண்ணீர் ஊற்றவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இதற்கு மேல் ஊகிக்க எனக்கு உரிமையில்லை. பாலிகை பற்றிய அம்மாவின் பதில் பொன்னுருக்கலன்று காலைதான் தெரியவரும்.

அப்பா